மருமகள் வெறுங்காலில் காட்டிய ஊர்

ஊர் சுற்றிப் பார்க்கிற கூட்டங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முன்னால் ஒருவர் சின்னக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவார். பின்னால் பத்துப் பேர் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போவார்கள். இங்கே சிங்கப்பூரில், தேக்கா மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டு நின்றபோது என்னையும் கீரையையும் சேர்த்துப் படம் பிடித்தவர்கள் உண்டு. இந்த ஊரிலேயே பிறந்து எழுபத்தைந்து வயதைத் தாண்டியவனுக்கு இந்த ஊரைக் காட்ட ஆள் எதற்கு? ஆனால் போன புரட்டாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் சட்டையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு நானும் அப்படி ஒரு கூட்டத்தில் நடந்தேன். கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனது என் மருமகள்.

அவள் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சாங்கி விமான நிலையத்தில் சரக்கு அனுப்புகிற ஆபீஸ் ஒன்றில் அவளுக்கு வேலை. எங்கள் வீடு உட்லண்ட்ஸ். அங்கிருந்து சாங்கிக்குப் போவதென்றால் சிங்கப்பூரின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போவது. இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புவாள். அப்படியே வருஷக்கணக்காக ஓடினாள். ஒரு நாள் ஆபீஸில் ஆளைக் குறைத்தார்கள். ஐம்பதை நெருங்குகிற பெண்ணைக் கூப்பிட்டு யார் வேலை கொடுக்கிறார்கள்? அவள் சும்மா உட்காரவில்லை. ஊரைச் சுற்றிக் காட்டுகிற வேலைக்கு கோர்ஸ் படித்தாள், பரீட்சை எழுதினாள், லைசென்ஸும் வாங்கினாள். லைசென்ஸ் கழுத்தில் தொங்கினால் போதுமா, வேலை தர ஒரு கம்பெனி வேண்டாமா? ஒரு சின்னக் கம்பெனி கூப்பிட்டது. தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறவர்களுக்குத் தமிழில் பேசிக் காட்ட அவர்களுக்கு ஆள் தேவை. ஒரு நடை நடத்திக் காட்டு, பார்க்கலாம் என்றார்கள். போனாள், திரும்பி வந்தாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தக் கம்பெனியின் முதலாளி ஒரு சீனப் பெண்மணி. அறுபது வயது இருக்கும். மேடம் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. அப்புறம் எப்படி இவளுக்கு மார்க் போடுவது? கூட நடக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான். "நீ பேசும்போது எல்லாரும் போனைப் பார்த்தார்கள்" என்று சொல்லிவிட்டாராம். இன்னொரு தடவை நடத்திப் பார், அதுவும் சரியில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த இன்னொரு தடவைதான் நான் சொல்கிற சனிக்கிழமை.

கூட்டத்துக்கு ஆள் வேண்டுமே. மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த ஒரு கோயம்புத்தூர்த் தம்பதியைக் கம்பெனி அனுப்புவதாகச் சொன்னது. மிச்சத்தை இவள் சேர்த்தாள். நான் ஒருவன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒருவர், எங்கள் ஊர் வழக்கப்படி பேச்சின் கடைசியில் ஒரு 'லா' போடுகிறவர். என் மகனுக்குத் தெரிந்த கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவர், புதுக்கோட்டைக்காரர், நாற்பது வயதுக்கு மேலே. நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வருகிறேன் என்று ஒத்துக்கொண்டவர்.

கிளம்புகிற அன்று காலையில் எனக்குப் பாடம் நடந்தது.

"மாமா, நடுவுல பேசக் கூடாது," என்றாள் மருமகள்.

"நான் எங்க பேசறேன்."

"பேசுவீங்க. நான் ஆத்தைக் காட்டினா நீங்க மூட்டை தூக்கின கதைய ஆரம்பிச்சிடுவீங்க. அது முடிய மத்தியானம் ஆயிடும். கொட்டாவி விடாதீங்க. மேடம் நம்ம மூஞ்சியத்தான் பார்ப்பாங்க. சிரிக்க வேண்டிய இடத்துல சிரிங்க."

"எந்த இடம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் இடிக்கிறேன் அண்ணே," என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. "இடிச்சா சிரிங்க. அவ்வளவுதான் லா."

சிராங்கூன் ரோட்டில் ஒரு பெருமாள் கோயிலில்தான் நடை ஆரம்பம். அங்கே போய்ச் சேர்ந்ததுமே எனக்குத் திக்கென்றது. தேதி குறித்தது மேடம். அவர் காலண்டரில் அது வெறும் சனிக்கிழமை. நமக்கு அது புரட்டாசிச் சனிக்கிழமை. அன்றைக்குப் பெருமாள் கோயிலைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று எந்தத் தமிழனாவது கிளம்புவானா? துளசி மாலையும் கையுமாக வரிசை ரோடு வரைக்கும் நீண்டிருந்தது. என் மருமகளுக்கு இது தெரியாமல் இல்லை. வேலை கேட்டுப் போகிறவள் தேதி சரியில்லை என்று எப்படிச் சொல்வாள்? வாயை மூடிக்கொண்டு சரி என்றிருக்கிறாள்.

வாசலில் செருப்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. சப்பாத்து, ரப்பர் செருப்பு, பிள்ளைகளின் விளக்கு எரிகிற செருப்பு எல்லாம் ஒரே குவியல். ஷூவை நாங்கள் சப்பாத்து என்றுதான் சொல்லிப் பழக்கம். மேடமும் தன் சப்பாத்தைக் கழற்றி ஒரு ஓரத்தில் ஒழுங்காக வைத்தார். கறுப்பு நிறம், மெத்தென்று தடித்த அடிப்பாகம். முழங்காலில் ஆபரேஷன் ஆனவர், அந்த மாதிரி சப்பாத்து இல்லாமல் அதிக தூரம் நடக்க முடியாது என்று மருமகள் முன்பே சொல்லியிருந்தாள்.

உள்ளே ஒரு தூண் ஓரமாக எங்களை நிறுத்தி அவள் பேச ஆரம்பித்தாள். "இத்திருக்கோயில் சென்ற நூற்றாண்டுக்கு முற்பட்ட காலத்தில்" என்று ரேடியோவில் செய்தி வாசிப்பது போலப் போனது. கையில் ஒரு அட்டை, அதில் பொடி எழுத்து. சுத்தமான தமிழ்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் அவள் பேசுகிற அழகு இதில் எங்கே? கோயம்புத்தூர்க்காரர் மெதுவாகப் போனை எடுத்தார். புதுக்கோட்டைக்காரருக்குக் கண் சொக்கியது. ஆன்ட்டி என் விலாவில் இடித்தார். நான் சிரித்தேன். அவள் அப்போது கோபுரத்தின் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேடம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இந்த வேலையும் இல்லையென்றால் மறுபடி அந்த அறைக் கதவு சாத்திக்கொள்ளும். அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, அவளுக்குப் போட்ட டீ ஆறுவதைப் பார்க்க என்னால் முடியாது.

வெளியே வந்தோம். மேடத்தின் சப்பாத்தைக் காணோம்.

அவர் வைத்த அதே ஓரத்தில் அதே மாதிரி கறுப்புச் சப்பாத்து ஒரு ஜோடி இருந்தது. ஆனால் பெரியது, ஆம்பிளைக் கால். எவரோ அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தக் கூட்டத்தில் யாரைத் தேடுவது? கொஞ்ச நேரம் குனிந்து குனிந்து தேடினோம். மேடம் கடைசியில் பெருமூச்சு விட்டுவிட்டு, இருக்கிறதைப் போட்டுக்கொள்கிறேன் என்பது போல அந்தப் பெரிய சப்பாத்துக்குள் ஒரு காலை விட்டார்.

"போடக் கூடாது," என்று நாங்கள் ஐந்து பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

மேடம் ஒற்றைக் காலில் அப்படியே நின்றார்.

"சனிக்கிழமையும் அதுவுமா பெருமாள் கோயில்ல தொலைஞ்சிருக்கு," என்றார் ஆன்ட்டி. "பிடிச்சிருந்த சனி அதோட போச்சு. நல்லதுதான் லா. சந்தோஷப்படச் சொல்லுங்க."

"ஏனுங்க, அந்தச் செருப்பைப் போட வேண்டாம்னு சொல்லுங்க," என்றார் கோயம்புத்தூர் அம்மா. "அடுத்தவங்க விட்டுட்டுப் போனதுங்க. அவிங்களைப் பிடிச்சது இவங்களை வந்து பிடிச்சுக்குமுங்க."

எல்லாரும் என்ன சொல்கிறார்கள் என்று மேடம் இங்கிலீஷில் கேட்டார். மருமகள் முகம் சிவந்துவிட்டது. ஒன்றுமில்லை என்று சமாளித்திருக்கலாம். ஆனால் மறைக்காமல் ஒவ்வொருவரும் சொன்னதை அப்படியே சொன்னாள். மேடம் எங்களைப் பார்த்த பார்வையில் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு இருந்தது, இருந்தாலும் நாக்கு நிற்கவில்லை. கெட்ட நேரத்தை ஹொக்கியன் பேசுகிற சீனர்கள் சுவே என்பார்கள். ஆற்றங்கரையில் அவர்களோடு வேலை செய்து பழகிய சொல்.

"மேடம், உங்க சுவே போயிடுச்சு," என்று மலாயில் சொன்னேன். "அதைப் போட்டீங்கன்னா இன்னொருத்தர் சுவே வரும்."

மேடம் உடனே காலை வெளியே எடுத்துவிட்டார்.

எடுத்தாரே தவிர நடப்பது எப்படி? டாக்ஸி பிடித்து வீட்டுக்குப் போகிறேன், இன்றைக்கு இதோடு போதும் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மருமகள் அங்கேயே படியில் உட்கார்ந்தாள். தன் சப்பாத்தைத் தேடி எடுத்தாள். இந்த நடைக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்து, அதுவும் மெத்தென்றுதான் இருக்கும். அதை மேடத்தின் காலடியில் வைத்தாள். போட்டுப் பார்த்தார், பொருந்தியது.

நீ எப்படி நடப்பாய் என்று மேடம் கேட்டார். இந்த ரோட்டில் வெறுங்காலில் நடந்திருக்கிறேன், பழக்கம்தான் என்றாள் இவள்.

"தேக்காவுல செருப்புக் கடை திறந்திருக்கும்," என்றார் ஆன்ட்டி. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "சனிக்கிழமை. செருப்பு வாங்கக் கூடாது."

"அப்ப செருப்பைக் குடுக்கறது மட்டும் பரவாயில்லீங்களா?" என்று கேட்டார் கோயம்புத்தூர்க்காரர்.

"குடுக்கறது தானமுங்க," என்றார் அவர் மனைவி. "நீங்க போனைப் பாருங்க."

மருமகள் இதையெல்லாம் பெரிதாக நம்புகிறவள் இல்லை. ராகு காலத்தில் இன்டர்வியூவுக்குப் போனவள். ஆனால் நான் கிட்டே போய், சும்மா வாங்கிக்கோ என்று சொன்னபோது, "இன்னைக்கு மட்டும் வேணாம் மாமா," என்று மெதுவாகச் சொன்னாள்.

அப்படியே கிளம்பினோம்.

சிராங்கூன் ரோட்டில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கிறதல்லவா, அதற்குள் ஏறினாள். அட்டை கைப்பைக்குள் போய்விட்டது. காலில் ஏதாவது குத்திவிடுமோ என்று கண் தரையிலேயே இருக்க, அட்டையை எப்படிப் படிப்பது? பார்த்துப் பார்த்துக் காலை வைத்து ரெண்டு கடை தாண்டினாள். பிறகு சட்டென்று நின்றாள்.

"இங்க பாருங்க," என்றாள். "இந்தக் கடைக்கு ஒரு டைல்ஸ், அடுத்த கடைக்கு வேற டைல்ஸ். இங்க படி ஏறும், அங்க இறங்கும். ஏன் தெரியுமா? அந்தக் காலத்து வெள்ளைக்காரன், கட்டடம் கட்டறவங்க எல்லாரும் மக்கள் நடக்க அஞ்சடி விட்டுத்தான் கட்டணும்னு சட்டம் போட்டான். எவ்வளவு உயரத்துல விடணும்னு சொல்லல. அதனால ஒவ்வொரு முதலாளியும் அவனவன் இஷ்டத்துக்குத் தரை போட்டான். இது பழசு. வழுவழுன்னு இருக்கு. மிதிச்சாத்தான் தெரியும்."

அவள் சொல்லி முடிக்கும் முன்பே கோயம்புத்தூர் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் காலை வைத்துப் பார்த்தார். "ஆமாங்க, ஐஸ் மாதிரி இருக்குது," என்றார். அடுத்து ஆன்ட்டி கழற்றினார். நானும் கழற்றினேன். எத்தனையோ வருஷம் அந்த வழியே நடந்தவன். காலுக்குக் கீழே பச்சையும் சிவப்புமாகப் பூப்போட்டிருந்ததை அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன். யாரோ ஒரு கடைக்காரன் தன் வாசலில் நடந்து போகிற முகம் தெரியாத மனுஷனுக்காக இவ்வளவு அழகாகத் தரை போட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு அவள் நிழலைப் பார்த்து நடந்தாள். நிழல் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் எங்களைத் திருப்பினாள். காட்ட வேண்டிய இடம் என்று அட்டையில் இருந்தது சில விட்டுப்போயிருக்கும். பூக்கடை வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. அங்கே நின்று கால் குளிரும் வரை மாலை கட்டுகிறவரிடம் பேச்சுக் கொடுத்தாள். துளசி மாலை கட்டியே இந்த மாதம் ராத்திரி தூக்கம் இல்லை என்று அவர் சொன்னார். மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வருகிற பூ எது, விமானத்தில் வருகிற பூ எது என்று இவள் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னாள். சாங்கியில் சரக்கு வேலை பார்த்தவளுக்கு விமானத்தில் மல்லிகை எப்படி வருகிறது என்று சொல்லத் தெரியாதா? ஐஸ் பெட்டிக்குள் வரும் என்றாள். மழை நாளில் விமானம் தாமதமானால் ஆபீஸ் முழுக்க மல்லிகை வாசம் அடிக்கும், அன்றைக்கு எல்லாருக்கும் வேலை ஓடாது என்றாள். கோயம்புத்தூர்க்காரர் போனைப் பைக்குள் வைத்துவிட்டார்.

சிலிகி ரோட்டைத் தாண்டும் இடத்தில் முதல் தடவை எனக்கு அவளைப் பார்த்து வருத்தமாகிவிட்டது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. பச்சை விளக்குக்கு நிற்கிற இடத்தில் நிழல் இல்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நின்றாள்.

"அக்கா, வெள்ளைக் கோட்டு மேலயே மிதிங்க," என்றார் புதுக்கோட்டைக்காரர். தூக்கம் போயிருந்தது. "கறுப்புதான் சுடும். எங்க யார்டுல இரும்புத் தகடு இப்படித்தான் காயும். வெள்ளை பெயின்ட் அடிச்ச இடத்துலதான் நாங்க உக்காருவோம்."

விளக்கு மாறியதும் அவர் முன்னால் ஓடினார். கையில் இருந்த பாட்டில் தண்ணீரை ரோட்டில் கோடு போட்டது போல ஊற்றிக்கொண்டே போனார். தைப்பூசத்துக்குப் பால்குடம் தூக்கி வருகிறவர்களுக்கு ரோட்டோரத்தில் நிற்பவர்கள் இப்படித்தான் ஊற்றுவார்கள். மருமகள் அந்த ஈரத்தில் காலை வைத்து நடந்தாள். மேடம் பின்னால் வந்துகொண்டே, அவர் ஏன் தண்ணீரைக் கொட்டுகிறார் என்று என்னிடம் மலாயில் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அடுத்த ரோட்டுக்குத் தன் பாட்டிலை அவரே எடுத்து நீட்டினார்.

பிராஸ் பசா பக்கம் பெரிய மரங்கள். குடை மாதிரி ரோட்டின் மேலே விரிந்து நிற்கும். இந்த மரங்களை நட்டவர்களை நான் மனசுக்குள் கும்பிட்டேன். அங்கே புல் மேல் நின்று அவள் தன் கதையைச் சொன்னாள். என் மகன் ஒரு சமயம் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டான். என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த நேரம். தீமிதிக்கு சிராங்கூன் ரோட்டிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில் வரை, நாங்கள் அன்றைக்கு நடந்த அதே வழியில், வெறுங்காலில் ஊர்வலமாகப் போவார்கள். அவன் மூன்று வருஷம் மிதித்தான். அந்த மூன்று வருஷமும் துண்டும் தண்ணீருமாக இவளும் வெறுங்காலில் பக்கத்திலேயே நடந்தாள்.

"எங்க அத்தைக்காக அவர் வேண்டிக்கிட்டாரு," என்றாள். "நான் எதுவும் வேண்டிக்கல. அவர் தனியா நடக்கக் கூடாதுன்னு நடந்தேன். ராத்திரில ரோடு ஆறிக் கிடக்கும். போலீஸ்காரங்க காரெல்லாம் நிறுத்திடுவாங்க. சிவப்பு விளக்கு எரிஞ்சிட்டே இருக்கும், நாங்க நடுரோட்டுல போவோம். மத்த நாள்ல ஓரமா ஓடி ஓடிக் கடக்கற ரோடு அன்னைக்கு நம்மளுது. பகல்ல இப்பத்தான் முதல் தடவை நடக்கறேன். இது வேற ரோடு மாதிரி இருக்கு."

"அத்தை நல்லானாங்களா?" என்று கோயம்புத்தூர் அம்மா கேட்டார்.

மருமகள் என்னைப் பார்த்தாள். நல்லாகி, அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள் என்று நான் சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். இதையெல்லாம் இவள் மேடத்துக்கும் இங்கிலீஷில் சொன்னாள். கடையில் எதையோ விசாரிப்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். என் வீட்டில் இத்தனை காலம் இருக்கிற பெண், அந்த ஊர்வலத்தைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

ஹில் ஸ்திரீட்டில் சிவப்பும் வெள்ளையுமான தீயணைப்பு நிலையம், அப்புறம் ஜன்னலுக்கு ஜன்னல் வேறு வேறு வண்ணம் அடித்த பெரிய கட்டடம் எல்லாம் பார்த்துவிட்டு ஆற்றுக்கு வந்தோம். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நான் பிழைத்த இடம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். மருமகள் பாலத்துக்குப் பக்கத்தில் நிழலாக ஒரு படி பார்த்து உட்கார்ந்தாள்.

"மாமா, இங்க நீங்க சொல்லுங்க," என்றாள். பிறகு குனிந்து என் காதருகே, "சீக்கிரம் முடிச்சிடாதீங்க. கால் எரியுது," என்றாள்.

எழுபத்தைந்து வயதுக்கு மேல் முதல் தடவையாக என்னிடம் ஒருவர் பேச்சை வளர்க்கச் சொல்கிறார். நான் விடுவேனா? பள்ளிக்கூடம் போகாமல் இந்தப் படியில் வந்து இறங்கியதிலிருந்து ஆரம்பித்தேன். பெரிய கப்பல் கடலில் நிற்கும். தொங்கான் என்று ஒரு படகு, வயிறு பெருத்த படகு, அது மூட்டையை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வரும். படகிலிருந்து கரைக்கு ஒரு பலகை. அகலம் ரெண்டு பாதம் வைக்கிற அளவு. முதுகில் அரிசி மூட்டையோடு அதில் இறங்கும்போது பலகை துள்ளும். துள்ளுகிறபோது நாமும் சேர்ந்து துள்ளினால் கரை, எதிர்த்து மிதித்தால் ஆறு. ஆறு என்றால் இப்போது இருக்கிற ஆறு இல்லை. கறுப்புத் தண்ணீர், அழுகின காய், செத்த எலி. விழுந்தவனை ஒரு வாரம் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் வாய்விட்டுச் சிரித்தார், போனை மறுபடி எடுத்து என்னைப் படம் பிடித்தார். மேடம் மருமகளைத் தட்டித் தட்டி, என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று கேட்டார். மேடத்தின் அப்பாவும் இதே கரையில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்த்தவராம். அந்தக் கிடங்குகள் இப்போது சாப்பாட்டுக் கடைகள். வெள்ளைத் துணி விரித்த மேசையில் மீன் வருகிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது. நீர்நாய் குட்டிகளோடு நீந்திப் போகிறது. அந்த நாற்றத்தில் பாதி ஆயுளைக் கழித்தவன் சொல்கிறேன், ஒரு ஊர் தன் ஆற்றை இப்படித் திருப்பி எடுத்துக்கொண்டதைப் போல நான் வேறு எதையும் பார்த்ததில்லை.

நான் பேசிய நேரமெல்லாம் மருமகள் என் முதுகுக்குப் பின்னால் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசித் துண்டுதான் கொடுமை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டது. நிழல் சுவரோடு ஒட்டி ஒரு முழம்தான் இருந்தது. அதில் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். வழியில் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய பழைய மசூதி. அதற்கு முன்னால் நின்று, ரெண்டு வாசல் ரெண்டு சாமி, ஆனால் அக்கம் பக்கத்திலேயே குடியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. மாரியம்மன் கோயில் கோபுரம் தெரிந்ததும் மட்டும் கொடியைத் தாழ்த்திக்கொண்டு வேகமாகப் போனாள். கால் கழுவுகிற குழாயைத் திறந்து அடியில் காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

மேடம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு வந்தவர் அந்தக் காலைப் பார்த்தார். ரெண்டு பாதத்திலும் கொப்புளம்.

"ஐயோ கண்ணு," என்றார் கோயம்புத்தூர் அம்மா. "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"சொன்னா நின்னுடுவீங்கம்மா," என்றாள் இவள்.

மேடம் கோயம்புத்தூர்க்காரரிடம் திரும்பி, எப்படி, நன்றாக இருந்ததா என்று இங்கிலீஷில் கேட்டார். அவருக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வரும். ஆனால் பதிலைத் தமிழில் மருமகளிடம்தான் சொன்னார். "சாப்பிட்டுட்டு மிச்சம் இருக்கற ஊரையும் காட்டுவீங்களான்னு கேட்டேன்னு சொல்லுங்க."

மேடம் சிரிக்கவில்லை. வழியை மாற்றிவிட்டாய் என்றார். மூன்று இடத்தை விட்டுவிட்டாய், அந்த அங்கிளை அவ்வளவு நேரம் பேசவிட்டது தப்பு என்றார். மருமகள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு மேடம், வியாழக்கிழமை மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, காலை ஒன்பது மணி, நீ கூட்டிப் போ என்றார். கொப்புளத்துக்கு மருந்து போடு என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு எதிர்த்தாற்போல் இருந்த கடைக்குள் போனார். அவருக்கு சனிக்கிழமைக் கணக்கு கிடையாது. ரெண்டு ஜோடி ரப்பர் செருப்போடு வந்தார். ஒன்று அவருக்கு, ஒன்று இவளுக்கு.

மருமகள் அதை வாங்கத் தயங்கினாள். ஆன்ட்டியைப் பார்த்தாள்.

"வாங்கினது அவங்க, நீ இல்லை," என்றார் ஆன்ட்டி. "குத்தமில்லை. போடு."

பஸ்ஸில் மேல்மாடியில் முன் இருக்கை கிடைத்தது. மகனுக்குப் போன் பண்ணி, "கிடைச்சிருச்சுங்க," என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்தாள். புதுச் சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். களைப்பில் தூங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் தூங்கவில்லை. ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு கீழே போகிற ரோட்டையே பார்த்தபடி வந்தாள்.

"மாமா, ஒன்பது மணிக்கு வெயில் எந்தப் பக்கத்துலேருந்து வரும்?"

நான் கையைக் காட்டினேன்.

"அப்ப அவங்களை இந்தப் பக்கமா கூட்டிட்டுப் போகக் கூடாது," என்றாள். "பிள்ளைங்க இருந்தா அதுங்களுக்குச் சுடும்." கண்ணாடியில் விரலை வைத்து, எதிர்ப்பக்கத்துக் கடைகளின் வரிசையை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள்.